மேக் இன்ஸ்டாலுக்குப் பிறகு யார் பொறுப்பு?

டெபியன் ஓடும் ஒரு சர்வருக்கு ஒரு மென்பொருள் தேவைப்படுகிறது. களஞ்சியத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்பு. வேண்டிய வசதி புதிய பதிப்பில்தான் வந்திருக்கிறது. எழுதியவர்கள் அதன் மூலநிரலைச் சுருக்கக் கோப்பாக வெளியிட்டிருக்கிறார்கள். அதை இறக்கி, அந்தச் சர்வரிலேயே கம்பைல் செய்து நிறுவிவிடலாமா? முறைப்படி ஒரு பொதியாகக் கட்டி, பொதி மேலாளர் வழியாக நிறுவுவதா? அல்லது அடுத்த டெபியன் வெளியீடு வரும்வரை பொறுத்திருப்பதா?

லினக்ஸ் வழங்கல்கள் தோன்றிய நாளிலிருந்து இந்தக் கேள்வியும் கூடவே இருக்கிறது. விடைகளுக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொரு விடையும் ஒரு காலத்தின் நெருக்கடியில் பிறந்தது; நெருக்கடி தீர்ந்த பிறகும் விடை மட்டும் தங்கிவிட்டது. விவாதத்தில் பாதிக் குழப்பம் அதனால்தான்.

மீதிப் பாதிக்குக் காரணம், கேள்வியையே தவறாகக் கேட்பது. எந்தப் பொதியும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. யாரோ ஒருவர், எங்கோ ஒரு கணினியில், மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ததைத்தான் நாம் இறக்கிக்கொள்கிறோம். ஆகவே, யார் கம்பைல் செய்கிறார்கள், கணினியில் எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்ற கணக்கை யார் வைக்கிறார்கள், நாளை ஓர் ஓட்டை வெளிப்பட்டால் யார் அடைக்கிறார்கள் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் எதிரெதிர்க் கட்சிகளின் வாதங்கள் பிடிபடும்.

மூன்று கட்டளைகள் வந்த வழி

1980களில் யூனிக்ஸ் பல முகங்களோடு இருந்தது. சன், டிஜிட்டல், எச்பி, ஐபிஎம் என்று நிறுவனத்துக்கு ஒன்று. செயலி வேறு, நிரலகங்கள் வேறு. ஒன்றில் கம்பைல் செய்தது இன்னொன்றில் ஓடாது. மென்பொருளைப் பலருக்கும் தர வேண்டுமானால் மூலநிரலாகத் தந்தாக வேண்டும். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால், 1984இல் தமது ‘ஆர்என்’ செய்திவாசிப்பு நிரலோடு ஒரு ஸ்கிரிப்டையும் சேர்த்து அனுப்பினார். தான் ஓடும் கணினியைத் துழாவி, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்து, அதற்கேற்ப நிரலைத் தயார்ப்படுத்தும் ஸ்கிரிப்ட் அது. 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய க்னூ ஆட்டோகான்ஃப் அந்த வேலையை எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக்கியது. ‘கன்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்ற மூன்று கட்டளைகள் ஒரு தலைமுறைக்கு மனப்பாடமாயின.

இவற்றில் மூன்றாவதுதான் சிக்கலின் ஊற்று. ‘மேக் இன்ஸ்டால்’ செய்வதெல்லாம் கோப்புகளை நகலெடுப்பது மட்டுமே. இயக்கத்தக்க கோப்பு ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’னுக்கு, நிரலகம் ‘லிப்’புக்கு, கையேட்டுப் பக்கம் ‘ஷேர்’க்குள் ஒரு மூலைக்கு. எதை எங்கே வைத்தோம் என்ற பதிவு கணினியின் பொது ஏட்டில் ஏறுவதில்லை. பத்திரம் பதியாத மனையைப் போல: வீடு கட்டிக் குடியிருக்கலாம், ஆனால் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் எதுவும் வராது. நீக்குவதற்கு ஆட்டோமேக் வழிவந்த மென்பொருள்கள் ‘மேக் அன்இன்ஸ்டால்’ தருகின்றன. அது வேலை செய்ய, நிறுவியபோது இருந்த மூலநிரல் அடைவும் அதே தெரிவுகளும் வேண்டும். சிமேக் இயல்பாக அந்தக் கட்டளையைக்கூட உருவாக்குவதில்லை. நிறுவிய கோப்புகளின் பட்டியலொன்றைக் கம்பைல் அடைவில் விட்டுச்செல்கிறது. வேலை முடிந்ததும் அந்த அடைவை அழித்துவிடுவதுதான் பலரின் வழக்கம்.

இந்த ஒழுங்கின்மைக்கு ஒரு வேலி போடும் முயற்சியும் அன்றே நடந்தது. 1994 பிப்ரவரியில் வெளியான கோப்பு அமைப்பு நெறிமுறை ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ பகுதியைக் கணினி நிர்வாகிக்கு ஒதுக்கியது. வழங்கல் அதில் கை வைக்காது. நிர்வாகியும் வழங்கலின் பகுதியில் கை வைக்கக் கூடாது. மூலநிரலிலிருந்து நிறுவுவோருக்கு இன்றுவரை இருக்கும் நல்ல பாதுகாப்பு இந்த எல்லைக்கோடுதான். கோடு எவ்வளவு தூரம் காக்கும் என்பதைக் கீழே பார்ப்போம்.

பொதிகளின் வருகை

லினக்ஸில் வழங்கல் என்ற ஏற்பாடு வேகமாக வளர்ந்தது 1992, 1993 ஆண்டுகளில். 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங்கின் ஸ்லாக்வேர். அடுத்த மாதமே இயன் முர்டாக்கின் டெபியன் அறிவிப்பு. ஸ்லாக்வேரின் பொதி, ஒரு சுருக்கக் கோப்பும் சிறு ஸ்கிரிப்டும்தான். சார்புகளைப் பற்றி அது கவலைப்படுவதில்லை, அதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. டெபியனின் டிபிகேஜி அடுத்த ஆண்டு உருவெடுத்து, ஒவ்வொரு பொதிக்கும் என்னென்ன துணை தேவை என்பதை அந்தப் பொதிக்குள்ளேயே எழுதிவைத்தது.

ரெட் ஹேட்டில் எரிக் ட்ரோனும் மார்க் யூயிங்கும் 1995இல் கொண்டுவந்த ஆர்பிஎம்மில் இன்னொரு கருத்து முக்கியமானது. மூல ஆசிரியரின் சுருக்கக் கோப்பு தொடப்படாமல் அப்படியே இருக்க வேண்டும். வழங்கல் செய்யும் மாற்றங்கள் தனித்தனி பேட்ச்களாக அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். எப்படிக் கட்டுவது என்பது ‘ஸ்பெக்’ என்ற ஒரே கோப்பில் இருக்க வேண்டும். இதன் பயன் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடப்படுகிறது. ஸ்பெக் கோப்பு ஓர் எழுத்து ஆவணம். இந்த மென்பொருள் இங்கே எப்படிக் கட்டப்பட்டது, எந்தத் தெரிவுகளோடு, எந்தத் திருத்தங்களோடு என்பதைப் பத்து ஆண்டுகள் கழித்து வருபவரும் வாசிக்கலாம். மூன்று கட்டளைகளைக் கையால் அடித்து நிறுவியவரின் சர்வரில் அந்த வரலாறு ஷெல்லின் ஞாபகத்தோடு போய்விடும்.

தொடக்கத்தில் பொதிகளும் நிம்மதி தரவில்லை. ஒரு ஆர்பிஎம்மை நிறுவப் போனால் இன்னொன்று வேண்டும் என்னும். அதைத் தேடி இறக்கினால் அது மூன்றாவதைக் கேட்கும். பழைய பயனர்கள் பலர் மூலநிரலே மேல் என்று சொல்லக் கற்றுக்கொண்டது இந்தக் காலத்தில்தான். 1999 மார்ச்சில் டெபியன் 2.1உடன் வந்த ஆப்ட் அந்தத் தேடலைத் தானே செய்தது. ஆர்பிஎம் உலகத்துக்கு யம் வந்தது. சிக்கல் பெருமளவு தீர்ந்தது. அந்த நாளில் உருவான மனப்பான்மை மட்டும் சிலரிடம் இன்னும் தீரவில்லை.

மூலநிரல் தரப்பு: எது நிற்கிறது, எது நிற்கவில்லை

மூலநிரலிலிருந்து நிறுவுவதே சரி என்போர் வழக்கமாக நான்கு காரணங்கள் சொல்வார்கள்: வேகம், புதுமை, தெரிவு, கற்றல்.

வேகவாதத்தின் கொடி ஜென்டூ. டேனியல் ராபின்ஸ் தொடங்கிய இந்த வழங்கலின் 1.0 பதிப்பு 2002இல் வந்தது. ஒவ்வொரு மென்பொருளையும் பயனரின் கணினியிலேயே, அவருடைய செயலிக்கே உரிய கொடிகளோடு கம்பைல் செய்வது அதன் வழி. வழங்கல்கள் மிகப் பழைய செயலியிலும் ஓட வேண்டும் என்பதற்காகக் குறைந்தபட்சக் கட்டளைத் தொகுதிக்கே கம்பைல் செய்துவந்த காலத்தில் இந்த வாதத்தில் சத்து இருந்தது. இன்று அது பெரும்பாலான மென்பொருளுக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. எழுத்துத் திருத்தியும் அஞ்சல் சர்வரும் செயலிக்காகக் காத்திருப்பதைவிட வட்டுக்காகவும் வலைக்காகவும் காத்திருப்பதே அதிகம். வேகம் உண்மையிலேயே தேவைப்படும் நிரலகங்கள் பல, செயலி எது என்பதை ஓடும்போதே கண்டறிந்து தக்க நிரற்பகுதியைத் தேர்ந்துகொள்கின்றன. 2022இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 குறைந்தபட்சச் செயலி வரம்பையே உயர்த்திவிட்டது. ஜென்டூவும் 2023 டிசம்பர் இறுதியில், கம்பைல் செய்த பொதிகளை விரும்புவோர் நேரடியாக இறக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தது. ஜென்டூ எப்போதும் தெரிவைத்தான் முதன்மையாகப் பேசியது, வேகத்தை அல்ல என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் வெளியே பரவிய பேச்சு வேகத்தைப் பற்றியதுதான்.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். அறிவியல் கணிப்புக்கான மீக்கணினிகளில் வேகவாதம் இன்றும் முழு வலுவோடு நிற்கிறது. ஒரே நிரலகத்தை மூன்று கம்பைலர்களுக்கும் இரண்டு வகை இணைச்செயல் நிரலகங்களுக்கும் தனித்தனியே கட்டி, எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக வைத்திருக்க வேண்டிய இடம் அது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திலிருந்து ஸ்பாக்கும் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஈஸிபில்டும் வந்தது இதற்காகவே. கவனிக்க வேண்டியது: அவர்களும் கையால் ‘மேக் இன்ஸ்டால்’ அடிப்பதில்லை. மூலநிரலிலிருந்து கட்டுவதையே கணக்கு வைக்கும் வேலையாக மாற்றியிருக்கிறார்கள்.

தெரிவு பற்றிய வாதம் இதைவிட உறுதியானது. என்ஜின்எக்ஸை எடுத்துக்கொள்வோம். 2016 பிப்ரவரியில் 1.9.11 பதிப்பு வரும்வரை அதில் ஒரு துணைக்கூறு சேர்க்க வேண்டுமென்றால் முழுவதையும் திரும்பக் கம்பைல் செய்தாக வேண்டும். வழங்கலின் பொதியில் உங்கள் துணைக்கூறு இல்லையென்றால் வேறு போக்கு கிடையாது. அந்தப் பதிப்பிலிருந்து துணைக்கூறுகளைத் தனிக் கோப்புகளாக ஏற்ற முடிந்ததால், தெரிவுக்காகக் கம்பைல் செய்தோர் பலருக்கு அந்த அவசியம் தளர்ந்தது. ஆக, மென்பொருளின் உள்வடிவம் மாறினால் பொதிக்கும் மூலநிரலுக்கும் இடையிலான எல்லையும் நகர்கிறது.

நகராத எல்லை ஒன்றும் உண்டு: சட்டம். எஃப்எஃப்எம்பெக்கை ஜிபிஎல் பகுதிகளோடும் ஃபிரான்ஹோஃபர் ஏஏசி நிரலகத்தோடும் சேர்த்துக் கட்டினால் உரிமங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கட்டிய கோப்பைப் பிறருக்கு வழங்க முடியாது. வேண்டியவர் தமக்காகத் தாமே கம்பைல் செய்துகொள்ளலாம். இசட்எஃப்எஸ் கோப்பு முறைக்கும் இதே கதை: டெபியன் அதைக் கம்பைல் செய்து தராமல், பயனரின் கணினியில் கர்னல் மாறும்போதெல்லாம் தானே கம்பைல் ஆகும் மூலநிரல் பொதியாகத் தருகிறது. உபுண்டு இதே உரிமங்களை வேறு விதமாக வாசித்து, 2016 முதல் கட்டிய வடிவிலேயே தருகிறது. பொதி மேலாளரின் கணக்குக்கு உட்பட்டே மூலநிரலிலிருந்து நிறுவ முடியும் என்பதற்கு டெபியனின் ஏற்பாடு நல்ல சான்று.

புதுமைக்கான விடை ‘இடைவழிகள்’ பகுதியில் வரும். கற்றல் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ நூலின்படி ஒருமுறை முழு அமைப்பையும் கட்டிப் பார்த்தவருக்கு அதன் உள்கட்டு புரிந்துவிடும். அதை நடைமுறைச் சர்வருக்கான வழிகாட்டியாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

பொதித் தரப்பு: ஹார்ட்பிளீட் காட்டியது

பொதிகளுக்கு ஆதரவான வலுவான சான்று 2014 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்ட ஹார்ட்பிளீட். ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாவற்றிலும் ஓட்டை, 1.0.1ஜி அதை அடைத்தது. டெபியன் அப்போது வைத்திருந்தது 1.0.1இ. டெபியன் புதிய பதிப்புக்குத் தாவவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்து, பழைய பதிப்பிலேயே ஒட்டி, பின்னொட்டை மட்டும் மாற்றி உடனடியாக வெளியிட்டது. களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தவருக்கு வேலை இரண்டு: அப்டேட் கட்டளை ஒன்று, அந்த நிரலகத்தைப் பயன்படுத்தும் சேவைகளை மறுதொடக்கம் செய்வது இன்னொன்று.

அதே ஓபன்எஸ்எஸ்எல்லை ஓராண்டுக்கு முன் மூலநிரலிலிருந்து நிறுவி மறந்துவிட்ட சர்வரை நினைத்துப் பாருங்கள். மேலே சொன்ன எல்லைக்கோடு இங்கேதான் கைவிடுகிறது. டெபியனில் நிரலகங்களைத் தேடும் வரிசையில் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ முன்னால் வருகிறது. கட்டளைகளைத் தேடும் வரிசையிலும் அப்படியே. பெயர் பொருந்தினால், வழங்கல் புதுப்பித்த நல்ல நிரலகத்தை ஓரங்கட்டிவிட்டு, ஓட்டையுள்ள பழையதையே நிரல்கள் எடுத்துக்கொள்ளக் கூடும். ஆப்ட் அப்டேட் முடிந்தது என்று சொல்லும். அதன் ஏட்டைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ரெட் ஹேட் குடும்பத்தில் தொல்லை எதிர்ப்பக்கமாக வரும்: அந்த அடைவு தேடல் பட்டியலிலேயே இயல்பாக இருக்காது என்பதால், நிறுவி முடித்த மென்பொருள் ‘நிரலகம் கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும்.

டெபியனின் முறையில் ஒரு விலையும் உண்டு. பதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் பாதுகாப்புச் சோதனைக் கருவிகள், திருத்தப்பட்ட 1.0.1இ-யையும் ஓட்டையுள்ளது என்றே சொல்லும். தணிக்கையாளருக்கு இதை விளக்கி எழுத வேண்டிய நிர்வாகிகள் இன்றும் இருக்கிறார்கள்.

பொதியாளரின் கை

இடையில் ஒருவர் இருப்பது எப்போதும் நன்மையா? 2006 செப்டம்பரில் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் ஒரு மாற்றம் நுழைந்தது. நினைவகச் சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டியதால் இரண்டு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் சாவி உருவாக்கத்துக்கான தற்செயல்தன்மை உள்ளே போய்க்கொண்டிருந்தது. எஞ்சியது செயல்முறை எண் மட்டுமே. இயல்பான அமைப்பில் அதன் உச்ச வரம்பு 32,768. அதாவது, யார் வேண்டுமானாலும் எல்லாச் சாவிகளையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். 2008 மே 13 அன்று டெபியன் இதை அறிவித்தபோது, உபுண்டு உள்பட டெபியன் வழிவந்த வழங்கல்களும் சேர்ந்தே சிக்கியிருந்தன. மூல ஆசிரியர்களின் சுருக்கக் கோப்பிலிருந்து நேரடியாகக் கம்பைல் செய்தவர்கள் தப்பினார்கள். மூலநிரல் தரப்பு இந்த நிகழ்வை இன்றும் நினைவூட்டுகிறது. அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

இதைவிடச் சிறிய, ஆனால் அடிக்கடி நடக்கும் உரசல் இன்னொன்று. எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி ஸவின்ஸ்கி, டெபியனின் நிலைப்பதிப்பு தமது மென்பொருளின் பழைய வடிவத்தையே வைத்திருப்பதும், என்றோ தீர்த்த பிழைகளுக்காகப் பயனர்கள் தம்மிடம் வருவதும் பொறுக்காமல், பதிப்பு பழையதாகிவிட்டது என்ற எச்சரிக்கையை நிரலுக்குள்ளேயே வைத்தார். 2016இல் அது பெரிய சச்சரவானது. அந்த எச்சரிக்கையை எடுத்துவிட நினைத்தால், தம் மென்பொருளையே டெபியனிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். நிலைத்தன்மை வேண்டும் என்ற வழங்கலின் நியாயமும், என் பெயரில் பழைய சரக்கை ஓட்டாதீர்கள் என்ற ஆசிரியரின் நியாயமும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கக் கூடியவை. இதற்கு ஒரு தீர்ப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

இடைவழிகள்

பழைய இடைவழி க்னூ ஸ்டோ. ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கென்றே ஓர் அடைவில் நிறுவி, அங்கிருந்து ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’லுக்குக் குறியிணைப்புகள் மட்டும் போடுகிறது. நீக்க வேண்டுமா, இணைப்புகளை எடுத்துவிட்டு அடைவை அழித்தால் போதும். எளிமையானது, சார்புகளைப் பற்றி மட்டும் ஒன்றும் அறியாது. செக்இன்ஸ்டால் வேறு உத்தி செய்கிறது: ‘மேக் இன்ஸ்டால்’ ஓடும்போது அது எந்தக் கோப்புகளை எழுதுகிறது என்று ஒட்டுக்கேட்டு, அவற்றைச் சேர்த்து ஒரு பொதியாக்கிப் பொதி மேலாளரின் ஏட்டில் ஏற்றிவிடுகிறது. நீக்குவது எளிதாகிறது. ஆனால் சார்புகளை அது தானாக எழுதாது. அப்படிக் கட்டிய பொதியை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோவது ஆபத்தானது. சொந்தக் கணினியில் ஒரு மென்பொருளுக்கு என்றால் குறை சொல்வதற்கில்லை.

முறையான பொதி கட்டுவது கடினம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. புதிதாக ஒன்றைத் தொடங்கிக் கட்டுவதும், வழங்கலின் விதிகள் அத்தனைக்கும் உட்பட்டுக் கட்டுவதும் உண்மையிலேயே உழைப்புதான். ஆனால் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நிலைமையில், பழைய பதிப்புக்கான பொதி விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘ஆப்ட் பில்ட்-டெப்’ கட்டுவதற்கு வேண்டிய துணைகளை எல்லாம் நிறுவும். ‘ஆப்ட் சோர்ஸ்’ மூலநிரலையும் டெபியனின் விதிகளையும் இறக்கித் தரும். அந்த விதிகளைப் புதிய மூலநிரலின் மேல் வைத்து, மாற்றப் பதிவில் ஒரு வரி சேர்த்து, ‘டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ்’ ஓட்டினால் பெரும்பாலும் பொதி கையில். உள்ளே நடப்பது அதே மூன்று கட்டளைகள்தான். மூன்றாவது மட்டும் ‘டெஸ்ட்டிர்’ என்ற மாறியின் துணையோடு உண்மையான அமைப்பில் எழுதாமல் ஒரு தற்காலிக அடைவில் எழுதுகிறது. அந்த அடைவுதான் பொதியாகிறது.

பதிப்பெண்ணில் ஒரு நுட்பம் இருக்கிறது. டெபியனின் வரிசையில் ‘~’ குறிக்குப் பின்னால் எது வந்தாலும், அது இல்லாத எண்ணைவிடச் சிறியதாகவே கருதப்படும். எனவே நீங்கள் கட்டிய பொதிக்கு ‘2.4-1~உள்ளூர்1’ என்ற பாங்கில், ஆங்கில எழுத்தில் ஒரு பின்னொட்டு வைத்தால், டெபியன் அதே 2.4-1ஐ வெளியிடும் நாளில் உங்களுடையது தானாக வழிவிடும். கையால் நிறுவியது ஒருநாளும் இப்படித் தானாக விலகிக்கொள்ளாது. டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் இயங்குவது இதே உத்தியில்தான். ஆகவே கட்டத் தொடங்குமுன் அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆர்ச் லினக்ஸில் இந்த இடைவழியே பெருவழி. ‘பிகேஜிபில்ட்’ என்ற சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினால் ‘மேக்பிகேஜி’ பொதியைக் கட்டித் தந்துவிடும். பயனர்கள் எழுதிய இத்தகைய ஸ்கிரிப்டுகளின் பெருங்களஞ்சியமும் இருக்கிறது. அங்கே இருப்பவை சோதிக்கப்பட்டவை அல்ல, வாசித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று ஆர்ச்சே எச்சரிக்கிறது. எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் ஆகியவை மேசைக்கணினி மென்பொருள்களில் புதுமைப் பசியை ஓரளவு தணித்துவிட்டன. தமக்கு வேண்டிய நிரலகங்களைத் தாமே சுமந்துவருவதால் வழங்கலோடு மோதுவதில்லை. அதே காரணத்தால், உள்ளே இருக்கும் நிரலகத்தில் ஓட்டை வந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே புதுப்பிக்கப்பட வேண்டும்.

கேள்வியையே கலைத்தவர்கள்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் விரித்துரைக்கப்பட்ட நிக்ஸ், வேறொரு பாதை போட்டது. மூலநிரல், கம்பைலர், தெரிவுகள், சார்புகள் என்ற உள்ளீடுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முத்திரைக் குறி கணக்கிடப்படுகிறது. மென்பொருள் அந்தக் குறியைப் பெயராகக் கொண்ட அடைவில் போய் அமர்கிறது. ஒரு தெரிவு மாறினாலும் அடைவு வேறு. அதே குறிக்குரியதை யாராவது ஏற்கெனவே கட்டி வைத்திருந்தால் அதை இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் இங்கேயே கட்டிக்கொள்ளலாம். விளைவு ஒன்றுதான். 2012இல் லுடோவிக் கூர்டெஸ் தொடங்கிய கீக்ஸ் இதே வழியில் இன்னும் தூரம் போனது: 2023இல், 357 பைட் மட்டுமே உள்ள இருமக் கோப்பிலிருந்து தொடங்கி முழு அமைப்பையும் மூலநிரலிலிருந்து கட்டிக் காட்டியது.

கோட்பாட்டளவில் பழைய வழக்கு இங்கே முடிந்துவிட்டதாகவே சொல்லலாம். நடைமுறையில் முடியவில்லை. ஒரு தனி மொழியைக் கற்க வேண்டும், வட்டில் இடம் தாராளமாக வேண்டும், வழக்கமான அடைவுகளை எதிர்பார்க்கும் வெளி மென்பொருள் எதுவும் நேரடியாக ஓடாது. பெரும்பாலான நிறுவனங்களின் சர்வர்கள் இன்னும் டெபியனிலும் ரெட் ஹேட் குடும்பத்திலுமே நிற்கின்றன.

எக்ஸ்இசட் வந்த பிறகு

2024 மார்ச் 29 அன்று போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் வெளியிட்ட கண்டுபிடிப்பு இரு தரப்பின் நம்பிக்கையையும் ஒருசேர ஆட்டியது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவிப் போனவர், எக்ஸ்இசட் சுருக்க நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவைக் கண்டார்.

எப்படி வைக்கப்பட்டது என்பதே நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. பொதுவில் எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் சரக்கு கிடந்தது. அதைத் தட்டி எழுப்பும் ஆட்டோகான்ஃப் துணைக்கோப்போ வெளியீட்டுச் சுருக்கக் கோப்பில் மட்டுமே இருந்தது. அந்தத் துணைக்கோப்பின் வழியே ஓடிய ஸ்கிரிப்ட் ஒரு நிபந்தனையைச் சோதித்தது: 64 பிட் லினக்ஸில் டெபியன் பொதியோ ஆர்பிஎம் பொதியோ கட்டப்படுகிறதா? ஆம் என்றால் மட்டுமே பின்கதவு உள்ளே போகும். தன் கணினியில் சும்மா மூன்று கட்டளைகளை அடித்தவருக்கு அது போகாது. போதாததற்கு, ஓபன்எஸ்எஸ்எச்சுக்கும் இந்த நிரலகத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. சிஸ்டம்டியுடன் பேசுவதற்காக வழங்கல்கள் சேர்த்திருந்த பேட்ச்தான் பாலம் போட்டுக் கொடுத்தது.

மூலநிரல் தரப்பு இதில் வெற்றி கொண்டாடலாம் போலத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். தாக்கியவர் பொதிகளைக் குறிவைத்தது, அங்கேதான் கூட்டம் இருக்கிறது என்பதால். நிபந்தனையை எடுத்துவிட்டிருந்தால் மூன்று கட்டளைக்காரரும் சிக்கியிருப்பார். அவரும் இறக்கியது அதே சுருக்கக் கோப்பைத்தான். மூலநிரலிலிருந்து கட்டுகிறேன் என்பவர் மூலநிரலை வாசித்துவிட்டுக் கட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை யாரும் வாசிப்பதில்லை. பின்கதவு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. மூலநிரல் முழுவதும் தூய்மையாக இருந்தாலும் கம்பைலரே வஞ்சிக்கக் கூடும் என்று கென் தாம்ப்சன் 1984இலேயே எழுதிக் காட்டியதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். இன்னொரு பக்கம், பின்கதவு பிடிபட்டதும் டெபியனும் ஃபெடோராவும் உடனடியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பச் செய்தன. கணக்கு வைத்திருப்பதன் பலன் அது.

தீராமல் இருப்பவை

மறுஉருவாக்கக் கட்டுமானம் என்ற முயற்சியை டெபியன் 2013இல் தொடங்கியது. ஒரே மூலநிரலை யார் எங்கே கம்பைல் செய்தாலும் பைட்டுக்குப் பைட் ஒரே பொதி கிடைக்க வேண்டும் என்பது இலக்கு. கோப்புகளில் பதியும் நேரமுத்திரை போன்ற அற்பங்களே பெருந்தடையாக இருந்தன. இது முழுமை பெற்றால், பொதி கட்டியவரை நம்ப வேண்டிய அவசியம் போகும். வேண்டுபவர் தாமே கட்டி ஒப்பிடலாம். எக்ஸ்இசட் போன்ற தாக்குதலை மட்டும் இது தடுக்காது. நச்சு மூலத்திலேயே இருந்தால் எல்லோரும் ஒரே நச்சைத்தான் பிசகாமல் மறுஉருவாக்குவார்கள்.

கோ, ரஸ்ட் மொழிகள் இன்னொரு கேள்வியைத் திறந்துவிட்டிருக்கின்றன. அவற்றில் நிரலகங்கள் இயக்கத்தக்க கோப்புக்குள்ளேயே கலந்துவிடுகின்றன. ஹார்ட்பிளீட் காலத்தில் ஒரு நிரலகப் பொதியை மாற்றினால் எல்லா நிரல்களும் சரியாயின. இங்கே அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு நிரலையும் திரும்பக் கட்ட வேண்டும். அப்படித் திரும்பக் கட்டுவதில் தன் உள்கட்டமைப்புக்குச் சிக்கல் இருப்பதாக டெபியன் 12இன் வெளியீட்டுக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. பொதித் தரப்பின் பலமான வாதம் வலுவிழக்கும் இடம் இது. பைதான் பக்கம் எல்லைத் தகராறு வேறு வடிவம் எடுத்தது: அதே டெபியன் 12 முதல், வழங்கலின் பகுதிக்குள் பிப் எழுத முயன்றால் மறுக்கப்படுகிறது, தனி மெய்நிகர் சூழலுக்குப் போகச் சொல்கிறது. 1994இல் போட்ட எல்லைக்கோட்டைக் கருவியே காவல் காக்க வேண்டிய நிலை.

இத்தனைக்கும் நடுவே ஒரு மதிப்பீடு சாத்தியம் என்றே தோன்றுகிறது. பலர் நம்பியிருக்கும் சர்வரில், கணக்கில் ஏறாத ‘மேக் இன்ஸ்டாலை’ நியாயப்படுத்தும் சூழல்கள் இப்போது மிகக் குறைவு. உரிமத் தடை, மீக்கணினி, கற்றல் என்ற மூன்று விலக்குகளிலும்கூட ஸ்டோவோ தனி அடைவோ போதும். பேக்போர்ட்ஸில் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் பழைய பொதியின் விதிகளை வைத்துப் புதியதைக் கட்டுங்கள். அதுவும் முடியாதபோது மட்டும் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ பக்கம் போங்கள். போனால், அந்த மென்பொருளின் பாதுகாப்பு அறிவிப்புப் பட்டியலில் அன்றே சேர்ந்துவிடுங்கள். களஞ்சியத்துக்கு வெளியே நிறுவியதற்கு வழங்கலிடமிருந்து எந்த அறிவிப்பும் வராது.